டோக்கன் அக்கா இரண்டாம் முறை அரண்மனை பார்க்கப் போனது

செருப்புத் திருடினாள், அதனால்தான் ஜன்னல் வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று சொல்கிறார்களே, அவர்கள் முதலில் டோக்கன் அக்காவின் காலைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். வார் அறுந்து மூன்று முறை தைத்த செருப்பு அது. குதிகால் பக்கம் தேய்ந்து காகிதம் மாதிரி ஆகிவிட்டது. பத்தொன்பது வருஷம் ஊர் உலகத்துச் செருப்பையெல்லாம் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தவள், திருடுகிற புத்தி இருந்தால் தனக்கென்று ஒரு நல்ல ஜோடியாகப் பார்த்து எடுத்திருக்க மாட்டாளா?

அடுத்த கதை, அரண்மனைக்குள் நிற்கிற காவலாளியைப் பார்க்கத்தான் போகிறாள் என்பது. அந்த மனிதருக்கு ஒரு காது கேட்காது, இன்னொரு காதில் எப்போதும் ரேடியோ. சொந்த மனைவியே அவரிடம் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டுகிறாள் என்று கேள்வி. கதை கட்டினவர்கள் ஆளையாவது கொஞ்சம் பார்த்துப் பொறுக்கியிருக்கலாம்.

மிச்சம் இருப்பது, மூளை பிசகிவிட்டது என்ற பேச்சு. தினமும் வேலை பார்க்கிற இடத்துக்கு யாராவது டிக்கெட் வாங்கிக்கொண்டு போவார்களா, போனாலும் ஒரு முறை போவார்கள், மறுமுறை எதற்கு என்கிறார்கள். இதைக் கேட்கலாம், தப்பில்லை. கேட்டால் பதில் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும்.

அரண்மனைக்குள் முழுக்க மரத்தரை. பழைய மரம், மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருப்பது, செருப்புப் பட்டால் கீறல் விழும். அதனால் வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு டோக்கனும் காலில் மாட்டிக்கொள்ளத் துணி உறையும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கொடுக்கிற இடம் நுழைவாயிலை ஒட்டின சுவரில் ஒரு பழைய காவல் அறை. வெளித்தரைக்கு மூன்று படி கீழே இறங்கியிருக்கும். உள்ளே நின்றால் ஜன்னலில் தெரிவது மனிதர்களின் முழங்காலும் அதற்குக் கீழே உள்ளதும்தான். முகம் தெரிய வேண்டுமென்றால் வருகிறவர் குனிய வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் யார் குனிவார்? அரண்மனையோ அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம்.

ஆக, டோக்கன் அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் கால். உறையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. அவள் அளவு கேட்க மாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள், எடுத்து நீட்டுவாள், கச்சிதமாக இருக்கும். வழியில் சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டியை, இருவர் காலுக்கும் நடுவில் விட்ட இடைவெளியை வைத்தே சொல்லிவிடுவாள். பக்கத்து ஜன்னலில் வேலை பார்க்கும் நெட்டை, அந்தத் தாழ்ந்த அறையில் கூரை இடிக்காமல் நிமிர முடியாத பெண், "அக்கா, அந்த ஜோடி எப்ப சமாதானம் ஆவாங்க?" என்று கேட்பாள். "திரும்பி வரும்போது பாரு, ரெண்டு டோக்கனையும் ஒரே கையில நீட்டிச் சிரிச்சுக்கிட்டு வருவாங்க" என்பாள் இவள். பெரும்பாலும் அப்படித்தான் வருவார்கள்.

பத்தொன்பது வருஷமும் ஒரு முறைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லையா என்றால், இல்லை. அரண்மனை திறந்திருக்கிற நேரமெல்லாம் ஜன்னலில் ஆள் இருக்க வேண்டும். அவளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அரண்மனைக்கும் அதே திங்கட்கிழமைதான். வேலைச் சீருடையோடு பார்வையாளர் நடுவில் போகக் கூடாதென்று சட்டம். காய்ச்சலுக்கு லீவு போட்டிருக்கிறாள், மகள் பிரசவத்துக்குப் போட்டிருக்கிறாள், மாமியார் செத்தபோது போட்டிருக்கிறாள். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து யார் அரண்மனை பார்க்கப் போவது?

போகாவிட்டாலும் வழி சொல்வாள். உள்ளே போய் வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டே பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு, மனசுக்குள் ஒரு அரண்மனை கட்டி வைத்திருந்தாள். எந்த இடத்தில் கண்ணாடி அறை, எந்த இடத்தில் ராணி குளித்த தொட்டி, எல்லாம் சொல்வாள். சிம்மாசனம் மாடியில் என்பாள். வந்தவர்கள் எல்லாரும் "மேல ஏறினோம், சிம்மாசனம் பார்த்தோம்" என்றுதானே சொல்லிக்கொண்டு போனார்கள்.

போன வருஷம் ஒரு நாள் கைத்தடி வைத்த பெரியவர் ஒருவர் வந்தார். இடது செருப்பின் அடிப்பாகம் ஒரு விரல் அளவு கூடுதல் உயரம். குட்டைக் காலுக்காகச் செய்தது. பேருந்தில் ஒரு கூட்டத்தோடு வந்தவர். கஷ்டப்பட்டுக் குனிந்து ஜன்னலில் முகத்தைக் காட்டினார்.

"அம்மா, எனக்கு முட்டி சரியில்ல. எல்லாத்தையும் பார்க்க முடியாது. சிம்மாசனம் ஒண்ணு மட்டும் பார்த்தாப் போதும். எங்க இருக்கு?"

"மாடிதாங்க ஐயா. படி ஏறினா நேரே அதுதான்" என்றாள் அக்கா, கை நீட்டி வழி காட்டாத குறையாக.

ஒரு மணி நேரம் கழித்து அந்தச் செருப்பைக் கேட்டு டோக்கன் வந்தது. பெரியவர் மறுபடி குனிந்தார்.

"பார்த்தீங்களா ஐயா?"

"இல்லம்மா. மேல இல்லையாம். கீழேயே, நுழையற கூடத்துக்குப் பக்கத்துக் கதவுதானாம். மாடி எல்லாம் சுத்திட்டுப் பின்னால இறங்கினாத்தான் மத்தவங்களுக்கு வருமாம். நான் ஏறி இறங்கினதுலயே கால் நின்னுபோச்சு. இப்ப பஸ் கிளம்புது."

"எல்லாரும் சொல்லக் கேட்டதைத்தான் ஐயா சொன்னேன்."

"அப்படியா. நீங்க பார்த்ததில்லையா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பாள். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, பேருந்து ஹாரன் அடிக்க அடிக்கத் தடியை ஊன்றிப் போனார். அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மாலை கதவு மூடினதும் நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போய் நின்றாள்.

"லீவு வேணும், சார்."

"எதுக்கும்மா?"

"அரண்மனை பார்க்க."

"எந்த அரண்மனை?"

"இதுதான், சார்."

சூப்பர்வைசர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. தலைவலி வராமல் நாளைக் கடத்த நினைப்பவர். "தினமும் இங்கதானேம்மா இருக்கீங்க?"

"வாசல்ல இருக்கேன், சார்."

"சரி, சாயங்காலம் மூடினப்புறம் பின்பக்கமாப் பத்து நிமிஷம் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

"விளக்கை அணைச்சிடுவாங்க. நாற்காலி, கட்டில் எல்லாம் துணி போட்டு மூடிடுவாங்க. போர்வையைப் பார்க்கவா சார் போறேன்? அது எங்க வீட்லயே இருக்கு. டிக்கெட் வாங்கி, முன்வாசல் வழியா, எல்லாரையும் மாதிரி போகணும்."

லீவு தாளில் காரணம் மூன்றுதான் அச்சடித்திருந்தது: உடல்நலமின்மை, திருமணம், மரணம். இதில் எதில் போடுவது என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "கல்யாணம்னு மட்டும் போட்டுடாதீங்க, வீட்ல ஒருத்தர் இருக்கார்" என்றாள் இவள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடல்நலமின்மை என்று போட்டுக் கையெழுத்திட்டார். அந்த ஒரு பொய்தான் பிறகு வினையாக வந்தது.

குறிப்பிட்ட நாளில், பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். பிறகு தன் ஜன்னலுக்கே போய்ச் செருப்பைக் கழற்றி நீட்டினாள். நெட்டை அவள் காலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சைஸ், மேடம்?"

"கேட்டுக் கொடுக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?"

"நடுத்தரம். செருப்பு ரொம்ப விலை உசந்ததா இருக்கே, தனியாப் பூட்டி வைக்கட்டுமா?"

இப்படி ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். போனவள் என்ன செய்தாள்? இங்கேதான் அவளை நன்றாகத் தெரிந்தவர்களுக்கே தாங்காது. முதல் கூடத்தில் கால் வைத்ததும் கண் தானாகக் கீழே போய்விட்டது. தரை, அதன் மேல் கால்கள். முன்னால் போகிறவருக்கு நெட்டை பெரிய உறை கொடுத்திருக்கிறாள், நடுத்தரம்தான் வேண்டும், இழுத்து இழுத்து நடக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இடது உறையில் தையல் விட்டிருக்கிறது. படியில் ஒரு உறை அநாதையாகக் கிடந்தது. யாராவது வழுக்கி விழுவார்களே என்று எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நாலு படி தாண்டி இன்னொன்று. மாடி போய்ச் சேர்வதற்குள் கையில் ஆறு உறை சேர்ந்துவிட்டது. சுற்றிலும் எல்லாரும் "அடேயப்பா" என்று அண்ணாந்து நின்றபோது அவள் ஏழாவது உறைக்காக ஒரு மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள்.

அப்போது வெளியே கூச்சல் கேட்டது. மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடக் கூட்டம். நூற்றுக்கு மேல் பிள்ளைகள். தன் அறையை அவள் மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. நெட்டையின் கை மட்டும் ஒரு ஓட்டைக்குள்ளிருந்து வந்து வந்து போனது. அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. நல்ல உடுப்போடு அந்தக் குழிக்குள் இறங்கி, கதவு மூடும்வரை செருப்பு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் கணவர் டீ போட்டு வைத்துக் காத்திருந்தார். முப்பது வருஷம் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வலது காலை இழுத்து நடப்பார்.

"எப்படி இருந்துச்சு சிம்மாசனம்?"

"பார்க்கல."

"கண்ணாடி அறை?"

"பார்க்கல."

"பின்ன என்னதான் பார்த்தே?"

"தரை" என்றாள். "ஏழு விதமா இருக்கு. ஒரு அறையில கட்டம் கட்டமா, இன்னொண்ணுல மீன் முள்ளு மாதிரி இழைச்சு..."

அவர் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். டீ மூக்கில் ஏறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. சிந்தின டீயைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை போகணும்" என்றாள். பத்தொன்பது வருஷம் போகாமல் இருந்ததற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். கதவுக்குள் நுழைந்த பிறகும் பார்க்காமல் வந்ததற்கு யாரைச் சொல்வது? இந்த முறை பார்க்கவில்லையென்றால் கடைசிவரை பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது. அவளுக்கு ஒன்று பட்டுவிட்டால் பட்டதுதான்.

மேல் மாடியில் குடியிருக்கும் மூத்த நாத்தனார் காதுக்கு இது எட்டாமல் இருக்குமா? படியிறங்கி வந்து, "ஏம்மா, என் தம்பி இந்தக் காலை வச்சுக்கிட்டு வீட்ல கிடக்கான், நீ மகாராணி மாதிரி அரண்மனைக்குப் போறியா? ஒரு தடவை போனது போதாதா?" என்று கேட்டாள். ஊரில் பரவின கதைகளில் பாதிக்கு விதை அந்தப் படியில்தான் விழுந்தது.

"அண்ணி, உங்க தம்பி கிடக்கல. டீ போட்டுக்கிட்டிருக்கார். உங்களுக்கும் ஒரு டம்ளர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அக்கா. டீயைக் குடித்தாள் நாத்தனார். வாயை மூடவில்லை.

சூப்பர்வைசர் இந்த முறை சிரிக்கவில்லை. உடம்பு சரியில்லையென்று லீவு போட்டவள் அலங்காரமாகச் சுற்றியதை மேலதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு அவரைப் பிடித்து உலுக்கியிருந்தார்.

"அதான் பார்த்தாச்சே, அம்மா."

"பார்க்கல, சார்."

"அது யார் தப்பு?"

"என் தப்புதான். அதனாலதான் மறுபடி கேக்கறேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. உடம்பு சரியில்லைன்னு இன்னொரு தடவை எழுத முடியாது. உண்மையை எழுதினா, காரணமில்லாத லீவுன்னு கணக்கு வரும். ஜன்னல்ல இருந்து எடுத்துடுவாங்க. பின்னால உறை துவைக்கிற கூடத்துக்குத்தான் அனுப்புவாங்க. திரும்ப வாங்கித் தர என்னால ஆகாது. யோசிச்சுக்கிட்டு வாங்க."

துவைக்கிற கூடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும். நாள் முழுக்க ஈரம், சோடாத் தூள், மெஷின் சத்தம். மனிதக் கால் ஒன்றுகூட வராது, வருவதெல்லாம் கழற்றிப் போட்ட அழுக்கு. ஜன்னலில் இருக்கிற பேச்சும் சிரிப்பும் அங்கே கிடையாது. அங்கே வேலை பார்க்கிறவர்களின் விரல் நுனி எல்லாம் வெள்ளை வெளேரென்று ஊறிக் கிடக்கும். இரண்டு நாள் யோசித்தாள். யோசித்தாள் என்றால், போவதா வேண்டாமா என்று இல்லை. ஜன்னல் இல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ள இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள்.

நெட்டைக்குத்தான் அழுகை வந்துவிட்டது. "என்னாலதான் அக்கா. அன்னைக்கு நான் தனியாத் திண்டாடாம இருந்திருந்தா நீங்க எறங்கி வந்திருக்க மாட்டீங்க. வேண்டாம், விட்டுடுங்க. நான் போய்ப் பார்த்துட்டு வந்து ஒண்ணுவிடாம சொல்றேன்."

"சொல்லக் கேட்டுத்தான்டி அந்தப் பெரியவரை மாடி ஏத்தினேன்" என்றாள் அக்கா.

நெட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி பள்ளிக்கூடம் வந்தா?" என்றாள்.

"வரட்டும். நீ கத்து. எனக்குக் கேக்கும். ஆனா எறங்க மாட்டேன்."

மூன்றாம் நாள் தாளை எடுத்துப் போய்ச் சூப்பர்வைசர் முன்னால் வைத்தாள். அச்சடித்த மூன்று காரணத்தையும் அவரையே கோடு போட்டு அடிக்கச் சொன்னாள். பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில் 'அரண்மனை பார்க்க' என்று எழுதச் சொல்லி, எழுதினதை இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போட்டாள். ஜன்னலில் வேறு ஆள் உட்கார்ந்த கதை இதுதான். இதில் செருப்பு எங்கே வந்தது, காவலாளி எங்கே வந்தான்?

போவதற்கு முந்தின நாள் அவள் கணவர் ஒரு யோசனை சொன்னார்.

"நானும் வரேன். நீ குனியும்போதெல்லாம் தாடையைப் பிடிச்சு நிமிர்த்தறேன்."

"நீங்க வேண்டாம்."

"ஏன், டிக்கெட் காசு மிச்சமா?"

"நீங்க வந்தா உங்க காலையேதான் பார்த்துக்கிட்டு வருவேன். எங்க இடறுமோ, எங்க வழுக்குமோன்னு."

அவர் தன் வலது காலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு பழைய நடத்துநர் குரலில், "பஸ்ஸுல ஏறும்போது படியைப் பார்க்கலாம். ஏறினப்புறம் மேல கம்பியைப் பிடிக்கணும். கீழேயே பார்த்துக்கிட்டு நின்னா முதல் பிரேக்கிலேயே விழுவே. உள்ளே போனதும் சுவத்துல உசரமா ஏதாவது ஒண்ணைப் பார்த்துக் கண்ணால பிடிச்சுக்கோ. அதை விட்டா அடுத்ததைப் பிடி" என்று சொல்லிக்கொடுத்தார். அவள் அதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் சமைத்து மூடி வைத்தாள். கணவரின் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்றாள். அதே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தபோது நாத்தனார் படியில் நின்றிருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

"எங்க கிளம்பிட்டே?"

"அரண்மனைக்கு, அண்ணி."

"வேலைக்கா?"

"இல்ல. பார்க்க."

"வேலையை விட்டுட்டு அதைப் போய்ப் பார்த்து என்ன கிடைக்கப்போகுது?"

டோக்கன் அக்கா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், நாத்தனாரின் இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. இது எப்போது வந்தது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் மதியம் வரை போகும் என்று தெரியும். "வந்து சொல்றேன் அண்ணி" என்றாள்.

உள்ளேயிருந்து கணவரின் குரல், "போலாம், ரைட்" என்றது.

அவள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். எதிர்வரிசை வீடுகளின் மேல் ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒன்றில் பச்சை வர்ணம் பாதியோடு நின்றிருந்தது. அடுத்ததில் ஒரு தலையணை வெயிலில் காய்ந்தது. முந்தின நாள் மழைத் தண்ணீரில் கால் பொதக்கென்று இறங்கியது. விரலிடுக்கில் சேறு ஏறியது. அவள் குனிந்து பார்க்கவில்லை.